எட்டு லிட்டர் தண்ணியில பன்னீர் ரோஜா



தண்ணி கம்மியான காட்டுல ரோஜா வைக்கலாமான்னு எங்க ஊருல யாராவது கேட்டா பெரியவங்க சிரிப்பாங்க. ரோஜான்னா வாய்க்கால்ல தண்ணி ஓடணும், பாத்தி நிறையணும், அப்பத்தான் பூ கட்டும்னு ஒரு எண்ணம். எங்க 40 சென்ட்ல 700 பன்னீர் ரோஜா நிக்குது. கோடையில ஒரு செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு லிட்டர்தான் கொடுக்கிறோம். அது எப்படி முடியுதுன்னு இன்னைக்கு எழுதறேன். அந்தத் தண்ணிய மிச்சம் பிடிச்சதால எனக்கும் எங்க அண்ணனுக்கும் நடுவுல நடந்ததையும் சேர்த்துத்தான் எழுதணும். என்னைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே கதைதான்.

எங்களுது நிலக்கோட்டைப் பக்கம். செம்மண் பூமி. கிணறு இல்லாதவன் சோளம், கடலை போடுவான். கிணறு இருக்கிறவன் பூ வைப்பான். மல்லிகை, கனகாம்பரம், சம்பங்கி, பன்னீர் ரோஜான்னு எது வச்சாலும் விடியறதுக்குள்ள பறிச்சு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா காசு. நெல்லு, கரும்பு மாதிரி வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எங்க வீட்டுப் பால் பாக்கி, மளிகை, பொண்ணு படிப்பு எல்லாம் இந்த ரோஜாவுலதான் ஓடுச்சு.

கிணறு எங்க அப்பா வெட்டினது. அறுபது அடி. பாகம் பிரிக்கும்போது நிலத்தை ரெண்டாப் பிரிச்சாங்க, கிணத்தைப் பிரிக்க முடியுமா? அதனால ஒருநாள் அண்ணன் முறை, ஒருநாள் என் முறை. மோட்டாரு பொது. அண்ணனுக்கு 60 தென்னை, எனக்கு ரோஜா. பங்குக் கிணறு வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், மழை நல்லா இருக்கிற வரைக்கும் முறை யாருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஊத்து குறைஞ்சாத்தான் ஆளு ஆளா கடிகாரம் பார்ப்பாங்க.

2012-ல ரோஜா வச்சேன். வரிசைக்கு ஆறு அடி, செடிக்குச் செடி நாலு அடி. அப்ப எல்லாரையும் போல வாய்க்கால் பாசனம்தான். எங்க மோட்டாரு மணிக்குச் சுமாரா 18,000 லிட்டர் இறைக்கும். 40 சென்ட் நனைய மூணரை மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டா 63,000 லிட்டர். அஞ்சு ஆறு நாளைக்கு ஒருமுறை அப்படிப் பாய்ச்சணும். அதுல செடி குடிச்சது எவ்வளவு, வெயில் குடிச்சது எவ்வளவு, கோரையும் அருகும் குடிச்சது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்த்தா செடிக்குப் போனது கொஞ்சம்தான். செடி நிக்கிற இடம் ரெண்டு அடி, நனையிற இடம் ஆறு அடி.

2015-ல சொட்டுநீர் போட்டோம். சிறு குறு விவசாயிக்கு நூறு சதம் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், தாசில்தார் கொடுக்கிற சிறு விவசாயி சான்று எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். கிணத்து மேட்டுல 6,000 லிட்டர் தொட்டி ஒண்ணு மட்டும் என் செலவுல கட்டினேன். மோட்டாரு இருபது நிமிஷம் ஓடினா தொட்டி நிறைஞ்சிடும். அப்புறம் கரண்ட் இருக்கா இல்லையான்னு கவலை இல்லாம ராத்திரியில தானா இறங்கும்.

இதுல ஒரு விஷயம். சொட்டுக் குழாயில மணிக்கு நாலு லிட்டர்னு போட்டிருக்கும். அது மோட்டாரு அழுத்தத்துல வர்ற கணக்கு. மேட்டுத் தொட்டியில இருந்து இறங்கினா அவ்வளவு வராது. நான் ஒரு லிட்டர் படியை வரிசைக்கு ஒரு இடத்துல வச்சு அளந்து பார்த்தேன். மணிக்கு ரெண்டு லிட்டர் பக்கம்தான் விழுது. அதனால நாலு மணி நேரம் விட்டா எட்டு லிட்டர். 700 செடிக்கு எட்டு லிட்டர்னா 5,600 லிட்டர். டவுன்ல ஒரு சின்னத் தண்ணி லாரியில வர்ற தண்ணி. மாசம் ஒருமுறை குழாயோட கடைசி மூடியைத் திறந்து விடுங்க. உப்புத் தண்ணியா இருந்தா அடைச்சுக்கும், அடைச்ச செடி வாடின பின்னாலதான் நமக்குத் தெரியும்.

சொட்டுநீர் மட்டும் போதும்னா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். சித்திரை, வைகாசி வெயில்ல செம்மண் சட்டி மாதிரி காயும். சொட்டுற இடத்தைச் சுத்தி ஒரு சாண் ஈரம், அதையும் பகல்ல சூரியன் எடுத்துக்கும். தண்ணிய எப்படி ஊத்தறதுங்கிறது பாதி வேலை. ஊத்தின தண்ணிய எப்படி மூடி வைக்கிறதுங்கிறது மீதிப் பாதி.

எங்க பொண்ணு பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில படிச்சவ. லீவுக்கு வந்தப்ப ஒரு போட்டோ காட்டினா. வெளிநாட்டுல ரோட்டோரச் சரிவுல ஒரு ரோஜா, இடுப்பு உயரம் கூட இல்லை, பாய் விரிச்ச மாதிரி தரையோட படர்ந்து கிடக்கு. தரை ரோஜான்னு தனி ரகமே இருக்காம். ஜப்பான் பக்கம் கடலோரத்துல தரையில ஊர்ந்து போற ஒரு காட்டு ரோஜா இருக்கு, அதைக் கலப்பு பண்ணி இந்த மாதிரி நிறைய ரகம் உண்டாக்கியிருக்காங்கன்னு சொன்னா. அது மண்ணை மூடிக்கிறதால களையும் கம்மி, மண்ணும் சீக்கிரம் காயாது. ஆனா அந்த ரகத்தை நிலக்கோட்டை மார்க்கெட்டுல யாரு வாங்குவா? மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் வாசனையா, இதழ் நிறைய இருக்கணும். அதுக்குப் பன்னீர் ரோஜாதான்.

பன்னீர் ரோஜாவை அதிகாரிங்க எட்வர்டு ரோஸ்னு சொல்வாங்க. பர்பன் ரோஜாங்கிற வகை. இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுக்கு அந்தக் காலத்துல பர்பன் தீவுன்னு பேரு, அங்க உண்டானதால அந்தப் பேராம். இந்த வகையோட குணம், அடியில இருந்து நீளமாக் குச்சி விடும். நாலு அடி அஞ்சு அடி விறுவிறுன்னு போயி நுனியில மட்டும் பூ வைக்கும். அந்தக் குச்சியைப் பார்த்துட்டு எனக்கு ஓசூர் ஞாபகம் வந்துச்சு. அங்க ஒரு சொந்தக்காரப் பையன் பசுமைக்குடில்ல வேலை பார்க்கிறான். பிப்ரவரி 14-க்கு வெளிநாட்டுக்கு அனுப்புற ரோஜா வளர்க்கிற இடம். அங்க மெல்லிசுக் குச்சியெல்லாம் வெட்டாம, வளைச்சுப் பக்கவாட்டுல தொங்க விட்டிருந்தாங்க. ஏன்டா வெட்டலைன்னு கேட்டேன். "மாமா, இலை இருந்தாத்தான் செடிக்குச் சாப்பாடு. குச்சியை வளைச்சா அடியில இருந்து கண்ணு வெடிக்கும்"னான்.

நுனி வானத்தைப் பார்த்து நின்னா நுனிக் கண்ணுதான் முளைக்கும், மத்த கண்ணெல்லாம் தூங்கும். அதே குச்சியைப் படுக்க வச்சா வரிசையா எல்லாக் கண்ணும் எழுந்திரிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு ஜான் வளர்ந்து பூ வைக்கும். அதோட குச்சி படுத்த இடமெல்லாம் நிழல். தரை ரோஜா வாங்காமலே, இருக்கிற ரோஜாவைத் தரையோட படுக்க வைக்கலாமேன்னு தோணுச்சு.

செஞ்சு பார்க்கிறவங்களுக்காக விவரமா எழுதறேன். ஐப்பசி, கார்த்திகையில முட்டி உயரத்துக்குக் கவாத்து பண்ணிடணும். தை மாசம் வாக்குல புதுக் குச்சி பென்சில் கனத்துக்கு வந்திருக்கும். பச்சை மாறாத குச்சியைத்தான் வளைக்கணும், பழுப்பேறினது உடையும். காலையில வளைக்காதீங்க. காலையில குச்சியில நீர் ஏறி விறைப்பா இருக்கும், படக்குன்னு ஒடியும். மத்தியானம் மூணு மணிக்கு மேல கொஞ்சம் துவண்டு இருக்கும், சொன்ன பேச்சுக் கேக்கும். ஒரு செடிக்கு நாலு அஞ்சு குச்சி, வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி வளைச்சு, சீமைக்கருவேலக் கவட்டைக் குச்சி அடிச்சு, வாழைநாரால கட்டிடணும். தரைக்கு மேல ஒரு சாண் இருக்கட்டும். மண்ணுல பட்டா அங்கேயே வேர் விட்டுடும். பதியன் வேணும்னா மட்டும் ஒண்ணு ரெண்டை மண்ணுல அழுத்தி விடுங்க.

கீழே மூடாக்கு. கரும்புச் சோகை, கடலைத் தோல், சருகு எது கிடைச்சாலும் நாலு விரல் கனத்துக்கு. தூருக்கு ஒட்டிப் போடாம ஒரு சாண் தள்ளிப் போடணும், இல்லைன்னா செம்மண்ணுல கரையான் ஏறிடும். வேப்பம் புண்ணாக்கு ரெண்டு பிடி தூவி விட்டா நல்லது. தண்ணி விடலாமா வேண்டாமான்னு பார்க்க மூடாக்கை விலக்கி நாலு விரல் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில பிடிச்சுப் பாருங்க. உருண்டை நின்னா அன்னைக்கு வேண்டாம். உதிர்ந்தா விடுங்க.

கஷ்டமும் சொல்லணும். வளைச்ச முதல் ஒன்றரை மாசம் பூ குறையும். அப்புறம் குனிஞ்சுதான் பறிக்கணும், முள்ளு முழங்கையைக் கிழிக்கும். எங்க வீட்டுக்காரம்மா முதல் வருஷம் முழுக்க என்னைத் திட்டிக்கிட்டேதான் பறிச்சாங்க. அடர்த்தியா இருக்கிறதால பாம்பு வந்து படுக்கும். விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பறிக்கப் போறவங்க டார்ச்சும் குச்சியும் இல்லாமப் போகக்கூடாது. நடுவுல ரெண்டு அடி நடைபாதையை மட்டும் சுத்தமா விட்டிருக்கோம். அடைமழையில கரும்புள்ளி நோய் கூடுதலா வரும். ஐப்பசிக்கு முன்னாடி கட்டை அவிழ்த்துக் கவாத்து பண்ணி, உதிர்ந்த இலையை அள்ளி எரிச்சிடணும்.

இதை நான் முழுசாச் செஞ்சது 2017 தை மாசம். ஏன் அந்த வருஷம்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல ஐப்பசியும் கார்த்திகையும் வந்துச்சு, மழை வரலை. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்துல 440 மில்லிமீட்டர் பெய்யணும், 168-தான் பெஞ்சுது. ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அரசாங்கம் அறிவிச்சுச்சு. பங்குனியில எங்க கிணத்துல மோட்டாரு அரை மணி நேரம் ஓடும், அப்புறம் காத்து வாங்கும். மறுநாள்தான் ஊறும். அரை மணின்னா 9,000 லிட்டர். அண்ணனோட 60 தென்னைக்கு வாய்க்கால் வழியா அது போய்ச் சேர்றதுக்குள்ள பாதியை மண்ணே குடிச்சிடும்.

அண்ணன் ஒருநாள் வந்து திண்ணையில உட்கார்ந்தாரு. "போர் போடலாம்டா. தொள்ளாயிரம் அடி போனாத் தண்ணி உண்டுன்னு நீரோட்டம் பார்க்கிறவன் சொல்றான். மோட்டாரு, குழாய் எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம். பாதி நீ போடு"ன்னாரு. என்கிட்ட லட்ச ரூபாய் எங்க இருக்கு? வீட்டுக்காரம்மா கழுத்துல இருக்கிறதுதான். பொண்ணு அப்ப ரெண்டாம் வருஷம். "அண்ணே, என் செடிக்கு இருக்கிற தண்ணி போதும்ணே. நகையை வச்சு பூமிக்குள்ள போட எனக்குத் தைரியம் இல்லை"ன்னேன்.

அவரு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு: "நீ வச்சிருக்கிறது பூச்செடி. காஞ்சா வெட்டிப் போட்டுட்டு அடுத்த வருஷம் போத்து நடுவ. என்னோடது இருபது வருஷத்து மரம்டா." அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. அவரு சொன்னது நிஜம்தானே. தென்னை ஒண்ணு மண்டை சாஞ்சா அது ஒரு ஆளு சாஞ்ச மாதிரி.

அவரே தனியாக் கடன் வாங்கி அவரு காட்டுல போர் போட்டாரு. 920 அடி போனாங்க. ராத்திரி முழுக்க வண்டிச் சத்தம். விடிஞ்சப்போ காடு முழுக்க வெள்ளைப் புழுதி, தென்னை மட்டையெல்லாம் மாவு தூவின மாதிரி. தண்ணி ஒரு சொட்டு இல்லை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க பேச்சு நின்னு போச்சு. சண்டை இல்லை. கிணத்துமேட்டுல எதிர்ல பார்த்தா ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்குவோம். மதினி மட்டும் எங்க வீட்டுக்காரம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாங்க.

அந்த வைகாசியில என் செடி பசுமையா இருந்துச்சு. பூ பாதிதான். நல்ல நாள்ல ஆறேழு கிலோ பறிக்கிற இடத்துல மூணு கிலோ. ஆனா வரத்து இல்லாததால விலை ஏறி, கிலோ 80 ரூபாய்க்குக் கூடப் போச்சு. வீடு ஓடுச்சு. எனக்கு ஒரு முறைக்கு 9,000 லிட்டர். ரோஜாவுக்கு 5,600, மாட்டுக்கும் வீட்டுக்கும் போக 3,000 லிட்டர் கிணத்துலயே மிஞ்சுது. அந்தப் பக்கம் வரப்புக்கு அங்கிட்டு ஒவ்வொரு மரமா மட்டை தொங்குது. இங்கிட்டு என் கணக்குல 3,000 லிட்டர். அதை வச்சு இன்னும் நூறு செடிக்குக் கூடுதலாப் பாய்ச்சலாம். நியாயப்படி அது என் முறைத் தண்ணி, யாரும் கேக்க முடியாது. ஆனா ராத்திரி படுத்தாத் தூக்கம் வரலை.

வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க. "3,000 லிட்டர்னா மரத்துக்கு அம்பது லிட்டர் வருமேங்க." அறுபதால வகுத்துப் பார்த்திருக்காங்க. நான் மறுநாள் அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். "அண்ணே, என் முறையில 3,000 மிஞ்சுது. தென்னைக்கு விட்டுக்கங்க. வாய்க்கால்ல விட வேண்டாம், ஹோஸ்ல மரத்து மரத்துக்குப் பிடிங்க"ன்னேன். அவரு பதில் சொல்லலை. சாயங்காலம் நானே ஹோஸை இழுத்து அவரு முதல் வரிசையில போட்டுட்டு வந்துட்டேன். மோட்டாரை ஓட விட்டுட்டுப் பார்த்தா, மதினி ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்கு ஹோஸை மாத்திக்கிட்டு இருந்தாங்க. மூணாவது முறையில அண்ணன் கையில ஹோஸ் இருந்துச்சு.

அடுத்த வாரம் காலையில பூப் பறிக்கப் போனப்போ என் வரப்போரமாத் தென்னை மட்டை, ஓலை ஒரு வண்டி குவிஞ்சு கிடந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை. நான் அதைத் துண்டு துண்டா வெட்டி ரோஜாவுக்கு மூடாக்காப் போட்டேன். சோகையை விட ஓலை ரொம்ப நாள் தாங்குது. இன்னைக்கு வரைக்கும் மூடாக்குக்கு நான் காசு கொடுத்து எதையும் வாங்கினது இல்லை.

அந்தக் கோடையில அண்ணனுக்கு 11 மரம் போச்சு, 49 நின்னுச்சு. நான் கொடுத்த தண்ணியிலதான் நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆவணியில மழை கிடைச்சுது, அவரு முறைத் தண்ணியும் இருந்துச்சு. போர் கடனைக் கட்டி முடிக்க அவருக்கு மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அவரும் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டாரு. குழாய் இழுக்க நான்தான் கூட நின்னேன். இப்ப அவரு மரத்தடியிலயும் ஓலை மூடாக்கு கிடக்கு.

தண்ணியை மிச்சம் பிடிச்சா எவ்வளவு லாபம்னு நிறையப் பேரு கேக்கறாங்க. கரண்ட் விவசாயத்துக்கு இலவசம், அதனால காசாப் பார்த்தா ஒண்ணும் பெருசாத் தெரியாது. பூவும் வாய்க்கால் காலத்தை விடக் கூடுதலா வந்துடலை, நல்ல மழை வருஷத்துல ஏறக்குறைய அதேதான். எனக்குக் கிடைச்சது வேற. வறட்சி வந்தாலும் பங்காளி மூஞ்சியைப் பார்க்க முடியுது. ஒரே கிணத்துல ரெண்டு குடும்பம் குடிக்கிற ஊருல அது சின்ன விஷயம் இல்லை.

புதுசா வைக்க நினைக்கிறவங்க ஐப்பசி மழைக்கு முன்னாடி குழி எடுத்து வச்சிடுங்க. முதல்ல அம்பது செடியை மட்டும் வளைச்சுப் பாருங்க, மீதியை நிமிர்ந்தபடி விடுங்க. ஒரு கோடை முடிஞ்சதும் ரெண்டு பக்கத்து மண்ணையும் கையில பிடிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும். எங்க காட்டுல இந்த வருஷம் நாற்பது பதியன் வேர் விட்டிருக்கு. நிலக்கோட்டைப் பக்கம் வர்றவங்க வந்து எடுத்துக்கலாம், காசு வேண்டாம். கையில உறையும் குச்சியும் மட்டும் கொண்டு வாங்க.